பரணில் வற்றி, மூக்கில் விரியும் ஒயின்

அமரோனே என்ற இத்தாலிய ஒயினில் 750 மில்லி பாட்டில் ஒன்று நிரம்ப ஏறத்தாழ 2 கிலோ திராட்சை வேண்டும். சாதாரணச் சிவப்பு ஒயின் என்றால் 1 கிலோ சொச்சம் போதும். மிச்சம் எங்கே போயிற்று? காற்றில் போயிற்று. பறித்த குலைகளை மூன்று மாதத்துக்கும் மேலாகப் பரணில் பரப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பழத்திலுள்ள தண்ணீரை வேண்டுமென்றே போகவிடுகிறார்கள். விளைந்த சரக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்குத் தாரை வார்க்க எந்த வியாபாரிக்கும் மனசு வராது. வெரோனாக்காரர்களுக்கு அது வாடிக்கை.

வாடிக்கை என்றால் நேற்று இன்று வந்ததில்லை. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட கோத்திய அரசில் காசியோடோரஸ் என்று ஓர் உயர் அதிகாரி இருந்தார். அரசரின் விருந்துக்கு ஒயின் வாங்கி அனுப்பச் சொல்லி அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வெரோனாப் பக்கத்தில் குலைகளைத் தொங்கவிட்டு வற்றவைத்து, டிசம்பர் குளிரில் பிழிந்தெடுக்கும் ஒயினைப் பற்றி அதில் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார். இன்றைய இத்தாலியச் சட்டமும் வற்றவைத்த குலைகளை டிசம்பர் 1-க்கு முன் பிழியக் கூடாது என்கிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளில் நாள்காட்டி மாறவில்லை.

இடம், வெரோனா நகருக்கு வடக்கே உள்ள வால்பொலிச்செல்லா. மேற்கே கார்தா ஏரி, வடக்கே லெசீனி மலை, நடுவே தெற்கு நோக்கி இறங்கும் பள்ளத்தாக்குகள். இந்த ஒயினை ஒரே ரகத் திராட்சையில் செய்ய சட்டத்தில் இடமில்லை. கொர்வீனா 45 முதல் 95 சதவீதம் வரை இருக்க வேண்டும். அந்தப் பங்கில் பாதிவரை கொர்வினோனே என்ற ரகத்தை ஈடாகச் சேர்க்கலாம். ரோந்தினெல்லா 5 முதல் 30 சதவீதம். மொலினாரா என்ற வெளிர்நிற ரகமும் ஒரு காலத்தில் கட்டாயமாக இருந்தது. இப்போது விருப்பமுள்ளவர்கள் சேர்க்கிறார்கள்.

ஏன் இத்தனை ரகம்? ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை இருப்பதுதான் காரணம்.

கொர்வீனாதான் வீட்டுக்கு மூத்தது. புளிப்புச் செர்ரியின் மணமும், தூக்கலான புளிப்பும், வற்றினாலும் கிழியாத தடித்த தோலும் அதற்கு உண்டு. ஆனால் நிறம் போதாது, துவர்ப்பும் போதாது. இன்னொரு தொல்லை, கொடிக்கொம்பின் அடிக்கணுக்களில் உள்ள மொட்டுகள் காய்ப்பதில்லை. குட்டையாகக் கவாத்து செய்தால் விளைச்சல் போயிற்று. கொம்பை நீளமாக ஓடவிட்டாக வேண்டும் என்பதால் பந்தல் போட்டு ஏற்றுகிறார்கள். தேனி மாவட்டத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தவர்களுக்கு வால்பொலிச்செல்லாத் தோட்டங்கள் வேற்றூராகத் தோன்றாது.

கொர்வினோனேயை வெகுகாலம் கொர்வீனாவின் பெரிய வடிவம் என்றே எண்ணியிருந்தார்கள். பழம் பெரிது, குலை பெரிது, மற்றபடி ஒன்றுதான் என்று. டிஎன்ஏ சோதனை வந்து, அது தனி ரகம் என்று காட்டிவிட்டது. கொர்வீனாவிடம் இல்லாத டானினை, அதாவது தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருளை, இது கொண்டுவருகிறது. ரோந்தினெல்லா, அதே டிஎன்ஏ சோதனையின்படி, கொர்வீனாவின் பிள்ளை. பூஞ்சை நோய்களைத் தாங்கும். மழை கெடுத்த வருஷத்திலும் காய்க்கும். பரணில் லேசில் அழுகாது. மணத்தில் பெரிய சாமர்த்தியம் கிடையாது. எந்த அணியிலும் இப்படி ஒருவர் வேண்டும்.

திராட்சைகளின் பூர்வீகத்தைத் தேடிய இந்த ஆராய்ச்சியில் நம் பக்கத்துக்கும் ஓர் உறவு வெளிப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட். பன்னீர் வாசனை அந்த வழியில் வந்தது. இன்னொன்று ஸ்கியாவா க்ரோஸ்ஸா. வெரோனாவிலிருந்து ஆதிஜே ஆற்றை எதிர்த்து வடக்கே போனால் ஆல்ப்ஸ் மலைச்சரிவில் சிவப்பு ஒயினுக்காக வளர்க்கும் ரகம் அது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்த் திராட்சையின் உடம்பில் பாதி, வட இத்தாலிச் சரக்கு.

சரி, ஊற்றலாம். வயிறு பெருத்த கிளாஸ், அதில் கால்வாசிக்குச் சற்றே மேல், 16 முதல் 18 டிகிரி வெப்பம். வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பிடித்தால் நடுவில் கருஞ்சிவப்பும், சில வருஷம் கண்ட ஒயின் என்றால் ஓரத்தில் செங்கல் நிறமும் தெரியும்.

கொர்வீனாவுக்கு நிறம் போதாது என்று சொல்லிவிட்டு இந்த அடர்த்திக்கு என்ன கணக்கு சொல்வது? தண்ணீர் வற்றியது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிடச் சுவாரசியமானது. சிவப்பு ஒயினின் நிறம் ஆந்தோசயனின் என்ற தாவர நிறமியால் வருகிறது. புளிப்பான இடத்தில் அது சிவப்பு. புளிப்புக் குறையக் குறைய ஊதா, நீலம். நாவல்பழம் தின்ற நாக்கு ஊதாவாகிறதே, அதுவும் இந்தக் குடும்பத்து நிறமிதான். இதற்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால் நிறம் மறைந்துவிடும். ஒயினோ பெரும்பாலும் தண்ணீர். ஆகவே புது ஒயினில் தனித்து மிதக்கும் ஆந்தோசயனினில் பெரும்பங்கு நிறமில்லாமல் சும்மா கிடக்கிறது.

ஆந்தோசயனின் மூலக்கூறு தட்டையானது. அதே போலத் தட்டையான, ஆனால் தனக்கென்று நிறமில்லாத வேறு மூலக்கூறுகள் திராட்சைத் தோலில் உண்டு. அவை மேலும் கீழும் வந்து அடுக்கிக்கொண்டால் தண்ணீர் நுழைய வழியில்லை, நிறம் தங்கிவிடும். இதை இணைநிறமாக்கம் என்று சொல்லலாம். இளமையான சிவப்பு ஒயினில் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் 30 முதல் 50 சதவீதம் இந்த அடுக்கினால் வருவது என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் போல்ட்டன் 2001-ல் தொகுத்துக் காட்டினார். அப்படியென்றால் நிறமி உள்ள ஒரு திராட்சையோடு, நிறமே கொடுக்காத துணைப்பொருள் நிறைந்த இன்னொன்றைச் சேர்த்து நொதிக்கவிட்டால், கலவை இரண்டையும்விடக் கறுப்பாக வரலாம். ஒயின்காரர்கள் இதைப் பழக்கத்தில் அறிந்து செய்துவந்தார்கள். வேதியியல் காரணம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

கிளாஸை ஒரு சுழற்று சுழற்றி நிறுத்துங்கள். உள்சுவரில் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் அதன் மேல்விளிம்பில் துளிகள் திரண்டு, கோடு கோடாக இறங்கும். இதற்கு ஒயினின் கண்ணீர் என்று பெயர். இறங்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை, புவியீர்ப்பு இருக்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் துளிகளுக்குச் சரக்கு கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. யார் ஏற்றுகிறார்கள்?

பரப்பு இழுவிசை ஏற்றுகிறது. திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை அது. தண்ணீருக்கு இந்த விசை ஆல்கஹாலுக்கு இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். சுவரில் ஒட்டிய படலம் மெல்லியது என்பதால் ஆல்கஹால் சட்டென ஆவியாகி, அங்கே தண்ணீர் பங்கு கூடுகிறது, இழுவிசை கூடுகிறது, கீழிருக்கும் ஒயினை மேலே இழுக்கிறது. மேலே சேர்ந்த எடை தாங்காதபோது துளி உருண்டு இறங்குகிறது. 1855-ல் இதைச் சரியாக விளக்கியவர் ஜேம்ஸ் தாம்சன், கெல்வின் பிரபுவின் அண்ணன். ஆனால் பெயர் கிடைத்தது இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் 1865-ல் இதையே ஆய்வுப் பொருளாக எடுத்த கார்லோ மரங்கோனிக்கு. 2020-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஆண்ட்ரியா பெர்டோஸி என்ற கணிதப் பேராசிரியரும் அவர் குழுவும், அந்தத் துளிகள் உருவாகும் விதத்தில் ஒருவகை அதிர்ச்சி அலை ஒளிந்திருப்பதைச் சமன்பாடுகளால் காட்டினார்கள். நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனையும் இருக்கிறது: கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். ஆவியாதல் நின்றதும் கண்ணீரும் நின்றுவிடும். கண்ணீர் கனமாக இருந்தால் ஒயின் உயர்ந்தது என்று கிளாஸைத் தூக்கிக் காட்டிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஆல்கஹால் அதிகம் என்பதற்கு மேல் அது பெரிதாக எதையும் சொல்வதில்லை.

கண்ணோடு தொடங்குவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. போர்தோவில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேரிடம் வெள்ளை ஒயின் ஒன்றைச் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மணமில்லாத சாயம். முன்பு அதே ஒயினை வெள்ளையாக முகர்ந்தபோது தேன், எலுமிச்சை என்றவர்கள், சாயம் ஏறியதும் சிவப்பு ஒயினுக்குரிய பழங்களின் பெயரை அடுக்கினார்கள். 2001-ல் வெளியான இந்த ஆய்வை வைத்து ஒயின் நிபுணர்களைக் கிண்டல் செய்வது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கண் கொடுத்த துப்பை மூளை மணத்தோடு சேர்த்துப் படிக்கிறது. யாருடைய மூளையும் அப்படித்தான்.

அடுத்து மூக்கு. சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை. முதல் முகர்வில் தேடுவது நல்ல மணத்தை இல்லை, கெட்டதை. தக்கையில் வளரும் பூஞ்சை சில சமயம் ட்ரைக்ளோரோஅனிசோல் என்ற பொருளை உண்டாக்கிவிடும். ஈர அட்டைப்பெட்டி நாற்றம் என்பார்கள். ஒசாகா பல்கலைக்கழகத்தில் 2013-ல் கண்டுபிடித்தது இன்னும் விசித்திரம்: அந்தப் பொருள் மூக்கின் நுகர்செல்களில் மின்சைகை பிறக்கும் வாசலையே அடைத்துவிடுகிறது. தக்கை கெட்ட ஒயின் மணமில்லாமல் மொக்கையாக இருப்பதற்கு, மணம் போய்விட்டது என்பதைவிட மூக்கு மூடப்பட்டுவிட்டது என்பது பொருந்தும்.

கெடாத பாட்டில் என்றால், கிளாஸுக்கு மேலே நூற்றுக்கணக்கான ஆவிப் பொருள்கள் மிதக்கின்றன. மூக்கின் உச்சியில் அவற்றைப் பிடிக்க ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் காத்திருக்கின்றன. நிறத்தைக் காணக் கண்ணுக்கு மூன்று வகையே போதும் என்பதை நினைத்தால் மணத்துக்கு உடம்பு செய்யும் செலவு தெரியும். ஒரு மணப்பொருள் பல ஏற்பிகளைத் தட்டும். ஓர் ஏற்பி பல பொருள்களுக்குத் திறக்கும். விளைவாக வருவது ஒரு கூட்டுக் கோலம். ஆஸ்திரேலியாவில் டேவிட் லேங் செய்த சோதனைகளில், கலவையில் மூன்று நான்கு மணங்களுக்கு மேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயிற்சி பெற்ற வாசனைத் தொழிலாளிகளும் அந்த வரம்பைத் தாண்டவில்லை. அதற்கு மேல் போனால் மூளை தனித்தனியாக எண்ணுவதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் புதிதாக ஒரு மணம் செய்துகொள்கிறது. தொட்டியில் கலந்தது பாதிக் கலவைதான். மீதி மண்டைக்குள் நடக்கிறது.

இது தெரியாமலே இதை வைத்துத் தொழில் செய்தவர்கள் இத்தாலியர்கள். கியாந்தி ஒயினின் புகழ்பெற்ற செய்முறையை 1872-ல் ஒரு கடிதத்தில் எழுதிவைத்தவர் பெட்டினோ ரிக்காசோலி. இத்தாலியின் பிரதமராக இரண்டு முறை இருந்தவர். சாஞ்சோவேசே மணத்துக்கும் வீரியத்துக்கும், கனையோலோ அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்க, இளமையிலேயே குடித்துவிடும் ஒயினை லேசாக்க மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. அரசியலைவிட இதில்தான் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

சிறு பங்கு எப்படிப் பெரிய வேலை செய்யும் என்பதற்கு இன்னொரு கலவையைப் பார்க்க வேண்டும். வடக்குப் பியெமோந்தேயில் கெம்மே என்ற ஊரின் ஒயினில் நெப்பியோலோ திராட்சை குறைந்தது 85 சதவீதம். மீதியில் வெஸ்பொலினா என்ற ரகம் சேரும். அதன் தோலில் ரொட்டண்டோன் என்ற பொருள் இருக்கிறது. நம் அடுப்படிக் கருமிளகின் மணத்துக்குக் காரணமும் இந்தப் பொருள்தான் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தார் 2008-ல் கண்டறிந்தார்கள். மிளகு வாசனை அடிப்பதாக ஒயின்காரர்கள் சொன்னது கற்பனையில்லை, அப்பட்டமான உண்மை. சிவப்பு ஒயின் ஒரு லிட்டரில் 16 நானோகிராம் இருந்தால் மூக்குக்கு எட்டிவிடும். கணக்குப் போட்டால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஐயாயிரத்துக்கும் மேல் நிறுத்தி, எல்லாவற்றுக்குமாக 1 கிராம் போட்டால் போதும். அதே சோதனையில் ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டினாலும் ஒன்றுமே தெரியவில்லை. அவர்களுடைய மிளகு ரசம் எப்படி மணக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அமரோனேக்குத் திரும்புவோம். மூக்குக்கு முதலில் வருவது செர்ரி; ஆனால் புதுச் செர்ரி இல்லை, வற்றிய செர்ரி. பின்னால் உலர்ந்த அத்தி, சாக்லேட், வயதான பாட்டிலில் புகையிலை. இவற்றில் பாதியின் கதை பரணில் தொடங்குகிறது.

செப்டம்பரிலிருந்து பறிப்பு. நெருக்கமில்லாத, காயமில்லாத குலைகளை மட்டும் தேர்ந்து பரணுக்குக் கொண்டுபோவார்கள். பழைய வழக்கப்படி நாணலாலோ மூங்கிலாலோ பின்னிய தட்டிகளை அடுக்கடுக்காகக் கட்டி, ஒவ்வொரு தட்டியிலும் ஒரே வரிசையாகக் குலைகளைப் படுக்கவைப்பார்கள். குலைமேல் குலை படக்கூடாது. ஒரு பழத்தில் பூசணம் வந்தால் பக்கத்துப் பழத்துக்குத் தாவ ஒரு ராத்திரி போதும். ஆகவே ஆட்கள் சுற்றிச்சுற்றி வந்து கெட்ட பழத்தைக் கிள்ளி எறிகிறார்கள். இப்போது பல இடங்களில் தட்டிக்குப் பதில் ஆழமில்லாத பிளாஸ்டிக் கிரேட்டுகள். மூடுபனி இறங்கும் நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியையும் ஈரம் உறிஞ்சும் எந்திரத்தையும் ஓடவிடுகிறார்கள். 100 முதல் 120 நாள் கழித்து எடை 30 முதல் 40 சதவீதம் குறைந்திருக்கும்.

தண்ணீர் போய் மற்றதெல்லாம் கெட்டிப்படுகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். இல்லை. பறித்த பின்னும் அந்தப் பழம் உயிரோடிருக்கிறது. வெரோனா பல்கலைக்கழகத்தில் கொர்வீனாப் பழம் வற்றும்போது அதன் மரபணுக்களில் எது விழிக்கிறது, எது தூங்குகிறது என்று நாள்வாரியாகப் பார்த்திருக்கிறார்கள். கொடியில் இருந்தபோது சும்மா கிடந்த மரபணுக்கள் பரணில் வேலை தொடங்குகின்றன. வறட்சியில் தவிக்கும் செடியின் தற்காப்புப் படை அது. ரெஸ்வெராட்ரால் என்ற பாதுகாப்புப் பொருள் கூடுகிறது. மூச்சுவிட எரிபொருளாக மாலிக் அமிலத்தைச் செலவழிப்பதால், தண்ணீர் வற்றிய அளவுக்குப் புளிப்பு ஏறுவதில்லை. மணப்பொருள்கள் கலைந்து வேறு விதமாகச் சேர்கின்றன. குலையைக் கொடியிலிருந்து வெட்டிய பிறகும் தொடரும் இந்த வேலையைப் பழுத்தல் என்பதா, சாவு என்பதா என்று அகராதி வைத்துத் தீர்மானிக்க முடியாது.

வற்றிய பழத்தின் சாற்றில் லிட்டருக்கு 280 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். பறித்தபோது 200 சொச்சம். இந்தப் பாகில் ஈஸ்ட் இறங்க வேண்டும். நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டுக்கு இனிப்பு பிடிக்கும் என்றாலும் இத்தனை இனிப்பு ஆபத்து: சுற்றிலும் உள்ள சர்க்கரை அதன் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். தப்பிக்க அது தன் உடம்புக்குள் கிளிசராலைத் தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. அந்தக் கிளிசராலில் கொஞ்சம் வெளியே கசிந்து ஒயினுக்கு இலேசான இனிப்பைத் தருகிறது. வெளியே டிசம்பர், ஜனவரிக் குளிர். சாதாரணச் சிவப்பு ஒயின் ஒன்றிரண்டு வாரத்தில் நொதித்து முடியும்போது இங்கே 30 நாள், 50 நாள் என்று இழுக்கும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை எரிந்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால். 15, 16 சதவீதத்தை எட்டும்போது ஈஸ்ட் தான் செய்த சாராயத்திலேயே மூச்சுத் திணறி நின்றுவிடும்.

பாதியில் நின்றால் மிச்சச் சர்க்கரையோடு இனிப்பு ஒயின் கிடைக்கும். ரெச்சோட்டோ என்ற அந்த இனிப்பு ஒயின்தான் அசல். அமரோனே அதன் தப்பிப் பிறந்த பிள்ளை. 1936-ல் நெக்ரார் கூட்டுறவு ஒயின் சாலையில் ஒரு ரெச்சோட்டோ பீப்பாயை மறந்து விட்டுவிட, ஈஸ்ட் விடாமல் முழுச் சர்க்கரையையும் தின்று தீர்த்துவிட்டதாகவும், திறந்து பார்த்த மேற்பார்வையாளர் அடெலினோ லுக்கேசே கசப்பில் மயங்கிப் பெயர் வைத்ததாகவும் சொல்கிறார்கள். கதையில் எத்தனை பங்கு மெருகு என்பது வேறு விஷயம். 1968-ல் சட்ட அங்கீகாரம், 2010-ல் இத்தாலிய ஒயின்களுக்குரிய உச்சத் தகுதி என்று அந்தத் தவறு வளர்ந்துவிட்டது. பிழிந்த சக்கையையும் வீணாக்குவதில்லை. அதில் இன்னும் சர்க்கரையும் ஈஸ்டும் இருப்பதால், சாதாரண வால்பொலிச்செல்லா ஒயினை அதன்மேல் ஊற்றி மறுபடி நொதிக்கவைத்து ரிப்பாஸோ என்று விற்கிறார்கள்.

இப்போது ஒரு வாய். விழுங்காமல் நாக்கின் எல்லாப் பக்கமும் ஓடவிட வேண்டும். தொழில்முறை ருசி பார்ப்பவர்கள் பிறகு துப்பிவிடுவார்கள். ஒரே காலையில் பல ஒயின்களைப் பார்க்க வேண்டியவர்கள் விழுங்கிக்கொண்டிருந்தால் கதை கந்தல்.

முதலில் ஓர் உஷ்ணம். கிளாஸில் 18 டிகிரியில் இருந்த திரவம் வாயில் சுடுவது எப்படி? வாயில் வெப்பத்தை உணரும் ஏற்பி ஒன்று உண்டு; வழக்கமாக 42 டிகிரிக்கு மேல் போனால்தான் அலறும். மிளகாயின் காரமும் அதே ஏற்பியைத்தான் கிள்ளிவிடுகிறது. ஆல்கஹால் அந்த வாசலை 34 டிகிரிக்கு இறக்கிவிடும். வாயின் வெப்பம் அதற்கும் மேல். நீங்கள் உணரும் சூடு ஒயினுடையது இல்லை, உங்கள் வாயுடையது.

அடுத்து துவர்ப்பு. எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் உண்டு. வாயை வழவழப்பாக வைத்திருப்பது அவைதான். டானின் அவற்றைப் பிடித்துக் கட்டி, திரிதிரியாக ஆக்கிவிடுகிறது. எண்ணெய் போன இடத்தில் உரசல் தொடங்குகிறது. நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடிக்கின்றன. நாவல்பழத்திலும் நடப்பது இதே தான். அறுசுவையில் நாம் துவர்ப்பைச் சேர்த்தோம்; உடலியல் நூல்கள் அதைச் சுவையில் சேர்க்காமல் தொடுவுணர்வில் வைக்கின்றன. கொர்வீனா மட்டும் இருந்திருந்தால் இந்தப் பிடி வராது. கொர்வினோனேயின் டானினும், மரப்பீப்பாயில் கழித்த வருஷங்களும் சேர்ந்து கொடுத்த பிடி இது. சட்டப்படி குறைந்தது இரண்டு வருஷம், ரிசெர்வா என்றால் நான்கு. அந்தக் காலத்தில் டானின்கள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பின்னிக்கொள்ள, முரடாக இருந்த துவர்ப்பு பட்டாக இறங்குகிறது.

இதற்குள் மணம் திரும்பி வந்துவிட்டது, பின்வாசல் வழியாக. வாயில் சூடேறிய ஆவி தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கின் உச்சிக்குப் போகிறது. இதைப் பின்வழி முகர்வு எனலாம். நாக்கு அறிவது ஐந்து சுவைதான். செர்ரி, சாக்லேட், புகையிலை எல்லாம் இந்த வழியில் வருபவை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் புளிப்பு, கசப்பு, உரசல், சூடு இவ்வளவே மிஞ்சும். பிடியை விட்ட கணத்தில் மீதி ஒயின் முழுவதும் வந்து சேரும். ஒயின் வேண்டாம் என்பவர்கள் திராட்சைச் சாற்றிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

கடைசியாகப் பின்சுவை. திராட்சை தன் மணப்பொருளில் பெரும்பங்கைச் சர்க்கரை மூலக்கூறோடு கட்டி, மணமில்லாமல் பூட்டி வைத்திருக்கிறது. வருஷக்கணக்கில் பாட்டிலில் கிடக்கும்போது பூட்டு ஒவ்வொன்றாகக் கழல்கிறது. பழைய அமரோனேயின் புகையிலை மணம் அப்படி மெதுவாக விடுபட்டு உருமாறிய பொருள்களால் வருவது. கழலாத பூட்டுகள் உங்கள் வாய்க்குள் வருகின்றன. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரைக்காக அதைக் கடிக்க, மணப்பொருள் விடுதலையாகிறது. ஸ்பெயினில் 2015 வாக்கில் செய்த ஆய்வுகளில், ஆளுக்கு ஆள் வாயின் பாக்டீரியாக் கூட்டம் மாறுவதால் விடுபடும் மணத்தின் அளவும் மாறுவது தெரிந்தது. ஒரே பாட்டிலை இருவர் பகிர்ந்தாலும் ஒருவருக்குப் பின்சுவை நீளும், மற்றவருக்குச் சட்டென அறுந்துவிடும். சண்டை போட்டுப் பயனில்லை.

அந்த நீளத்தை அளக்கப் பிரெஞ்சு ஒயின்காரர்கள் கோதாலி என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். ஒரு கோதாலி என்பது ஒரு விநாடி. விநாடி என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். துப்பிய கணத்திலிருந்து மணம் மங்கும்வரை எண்ண வேண்டும். பாக்டீரியாக்கள் அதற்கப்புறமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.